கரடிக்குப் போட்ட காப்பு

ஊர் மரியாதையாக 'டோன்யா' என்று அழைக்கும் மாமியார் அவில்தா வியாழக்கிழமைப் படகில் வந்து இறங்குகிறாள் என்று தெரிந்ததிலிருந்து எலியூத் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டேயிருந்தான். சாதாரணச் சுத்தம் இல்லை. மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றித் துடைத்தான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டு, என்றைக்கோ உருண்டுபோய்க் கல்லாகிவிட்ட எலுமிச்சம்பழத்தைக் கண்டெடுத்தான். மாமியார்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எட்டிப் பார்ப்பது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்தான் என்று வேலையிடத்தில் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

அவன் பயத்திலும் நியாயம் உண்டு. வியேக்கஸ் தீவுக்கும் இந்தக் கடலோர ஊரான புந்தா சாப்பினுக்கும் நடுவே இருப்பது ஒரு துண்டுக் கடல். படகில் ஏறி ஒரு கோழித்தூக்கம் போட்டால் கரை வந்துவிடும். அந்தத் துண்டுக் கடலை அவில்தா இரண்டு வருஷமாகத் தாண்டவில்லை. காரணம் எலியூத்தான். ஊர் பேஸ்பால் அணியில் பந்து வீசியவன் அவன். இறுதி ஆட்டத்தில், இன்னும் ஒரே ஒருத்தனை வெளியேற்றினால் கோப்பை நமக்கு என்ற நேரத்தில், கை உதறி, பந்தையெல்லாம் கண்ட திசையில் எறிந்து, கோப்பையைத் தாம்பாளத்தில் வைத்துப் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கொடுத்த மகானுபாவன். அவில்தாவோ அந்த அணிக்காகக் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவள். அதே மாதத்தில் அவளுடைய ஒரே மகள் யாரெலிஸ் வந்து, "அம்மா, நான் எலியூத்தைக் கட்டிக்கப்போறேன்" என்று நின்றால் அந்த மனுஷி என்ன செய்வாள், சொல்லுங்கள்.

"அதுக்கு அந்த அம்பயரைக் கட்டிக்கயேன்டி! அவனுக்குக் கண்ணுதான் தெரியாது, இவனுக்குக் கையே கிடையாது!"

"என் வீட்டு வாசப்படியை மிதிக்காதே!" என்று மகளும் பதிலுக்குக் கத்தினாள். கல்யாணத்துக்கு அவில்தா வரவில்லை. தங்கை வீட்டோடு இருந்துகொள்கிறேன் என்று வியேக்கஸுக்குப் போனவள் போனவள்தான். யாரெலிஸுக்கு மகள் அலோந்த்ரா பிறந்த பிறகு அம்மாவிடமிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே ஒரு வரி எழுத்து இல்லை. காப்பு மட்டும் இருந்தது.

மெல்லிய தங்கச் சங்கிலி. அதில் கன்னங்கரேலென்ற அசபாச்சே கல்லில் செதுக்கிய சுண்டுவிரல் நகமளவு முஷ்டி ஒன்று, பக்கத்தில் ஒரு பவழ மணி. குழந்தைக்குக் கண் படாமலிருக்கக் கட்டுவது. இந்தக் கரையில் அதைக் கட்டாத வீடு கிடையாது. "அடடா, என்ன அழகு!" என்று குழந்தையைப் பார்த்துச் சொன்னவன், கையோடு "கடவுள் ஆசீர்வதிக்கட்டும்" என்றும் சொல்லிவிட வேண்டும். மறந்தானோ, தொலைந்தது, பொழுது சாய்வதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல். கையில் கல் இருந்தால் அந்தக் கண்ணைக் கல் வாங்கிக்கொள்ளும்.

அவில்தா வீட்டுக் காப்புக்குத் தனிச் சரித்திரமே உண்டு. கரும்பு வண்டி ஓட்டிய முப்பாட்டன் ஒரு காளையை விற்றுத் தலைநகரான சான் ஹுவானில் ஒரு ஸ்பானியத் தட்டானிடம் வாங்கியதாம். பெரும்புயலில் கூரை பறந்து, தொட்டிலும் பறந்து, மாமரக் கிளையில் போய் உட்கார்ந்துகொண்டபோது, உள்ளே காப்போடு கிடந்த சித்தப்பா விழிக்கக்கூட இல்லையாம். ஒரு மாமா காப்பு போட்டிருந்த வரைக்கும் மரத்திலிருந்து விழுந்தாலும் சிராய்ப்பு கிடையாதாம். காப்பு அடுத்த குழந்தைக்குப் போன மறுநாள் சமதரையில் தடுக்கிக் காலை உடைத்துக்கொண்டாராம். இதில் எது நிஜம், எது புளுகு என்று கேட்கும் தைரியம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை.

கரடி பொம்மைகளின் சரித்திரம் இவ்வளவு கம்பீரமானதில்லை. முன்னெல்லாம் இங்கே பழைய சட்டையில் இலவம்பஞ்சை அடைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். கழுதை என்றால் கழுதை, முயல் என்றால் முயல். பிறகு நியூயார்க்குக்குப் பிழைக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது பெட்டியில் அமுக்கிக் கரடி கொண்டுவந்தார்கள். காட்டிலே ஒரு கரடி கிடையாத தீவு, வீட்டிலே ஆளுக்கொரு கரடி! இப்போது பிள்ளைப்பேற்றுக்கு முந்தின விருந்துக்கு எவர் வந்தாலும் கையில் கரடிதான். யாரெலிஸுக்கு வந்த கரடிகளை வைத்து ஒரு பேஸ்பால் அணியே நடத்தலாம். எலியூத்தைவிட நன்றாகவே வீசும்.

காப்பு கரடிக்குப் போன கதை இதுதான். கைக்குழந்தைக்கு மணி கட்டவே கூடாது, பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் என்று குழந்தை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாரெலிஸ் அன்றைக்கே கழற்றிவிட்டாள். கழற்றிவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

"இத்தனை நாள் கழிச்சு அம்மா அனுப்பினது. இதை டப்பாவில போட்டு மூடினா, அம்மாவையே போட்டு மூடின மாதிரி இருக்கு."

எலியூத்துக்கு அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. "கரடிக்குக் கட்டுவோம். தொட்டிலுக்கு மேல அலமாரியில உட்காரட்டும். வர்ற கண்ணு அது மேல போகட்டும். கண்ணுக்கு என்ன, விலாசம் பார்க்கத் தெரியுமா?"

யாரெலிஸ் சிரித்துவிட்டாள். கட்டினார்கள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்ததும் அம்மாவுக்குப் போன் செய்தாள். அந்தச் சமாதானப் பேச்சுவார்த்தை முழுவதையும் எலியூத் பக்கத்தில் நின்று கேட்டான்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். வர்றியா?"

"குழந்தைக்குக் காப்பு போட்டிருக்கியா?"

"...போட்டிருக்கேன்."

"அப்ப வர்றேன்."

அவ்வளவுதான். அந்த ஒரு பொய்யின் மேல்தான் இப்போது அந்தக் குடும்பமே நின்றுகொண்டிருந்தது. அம்மா வருவதற்குள் காப்பைக் குழந்தைக்குக் கட்டிவிடுவது, அவள் படகேறியதும் கழற்றிவிடுவது என்பது ஏற்பாடு.

வியாழக்கிழமை காலை, எலியூத் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது யாரெலிஸ் உள்ளேயிருந்து கேட்டாள்: "காப்புக் கரடி எங்கே?"

எலியூத் அப்போதுதான் காலி அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். சுத்தம் செய்த ஜோரில், வீடு முழுக்கக் கரடியாகக் கிடக்கிறதே என்று, அலமாரியிலிருந்தவை எல்லாவற்றையும் வாரி மூட்டை கட்டி, திருவிழாக் கடைக்குப் பரிசுப் பொருள் கேட்டு வந்த கோயில்காரர்களிடம் கொடுத்திருந்தான். கொடுத்தது மட்டுமா! "நல்லா இருங்க" என்று கைகுலுக்கி வேறு அனுப்பியிருந்தான்.

"நீ மனுஷனா?" என்றாள் யாரெலிஸ். "எங்கம்மா கேட்டா நான் என்ன சொல்லுவேன்? இந்தத் தடவை போனா திரும்பி வரவே மாட்டா, எலியூத். எனக்கு அம்மா வேணும்."

படகிலிருந்து இறங்கிய அவில்தா, கறுப்புக் கண்ணாடி வழியாக அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கை எப்படி இருக்கு?" என்று அவன் வலது கையைத்தான் விசாரித்தாள். வீட்டில் குழந்தை கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் இருந்தது. பல்லியே நிழல் தேடி ஓடும் அக்டோபர் வெயில் அது. "சளி" என்றாள் யாரெலிஸ். அவில்தா "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

எலியூத் பால் வாங்கி வருகிறேன் என்று கோயில் மைதானத்துக்கு ஓடினான். சாப்பின் மீன் அடைத்த பஸ்தெலியோ எண்ணெயில் பொரியும் வாசனைக்கு நடுவே பாப்போவின் கடை இருந்தது. மூன்று பந்து எறிந்து தகர டப்பாக் கோபுரத்தை மிச்சமில்லாமல் தள்ளிவிட்டால் பொம்மை. பாப்போவுக்குக் குரலே போதும். அவனுக்குப் போய் யாரோ மைக்கும் ஒலிபெருக்கியும் கொடுத்திருந்தார்கள். ஊரில் எது நடந்தாலும் அவன் வாய்க்கு வந்த பிறகுதான் அது நடந்ததாகக் கணக்கு.

கரடி கடையின் உச்சியில் தனியாகத் தொங்கியது. கையில் காப்பு. கழுத்தில், யாரோ புதிதாகக் கட்டிவிட்ட மாதா படம்.

"அந்தப் பழுப்புக் கரடி நல்லா இருக்கே" என்று எலியூத் ஆரம்பித்தான்.

"டேய், கையை நீட்டாதே!" பாப்போ மைக்கை மூடிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "அது சாதாரணக் கரடி இல்லடா. கையைப் பாரு, அசபாச்சே! எந்தப் பைத்தியக்காரனாவது பொம்மைக்கு அசபாச்சே கட்டுவானா? ஏதோ ஒரு குழந்தைக்குப் பெரிய கண்ணு பட்டிருக்கு. மந்திரிக்கிற அம்மா யாரோ அதை இறக்கி, இந்தக் கரடிக்குள்ள அடைச்சு, வெளிய வராம இருக்கக் காப்பைப் போட்டுப் பூட்டியிருக்கா. அதை மூட்டை கட்டிக் கோயிலுக்குக் குடுத்திருக்கான் பாரு ஒருத்தன், அவனை என்ன சொல்றது?"

"படுபாவி" என்றான் எலியூத், மனப்பூர்வமாக.

"ஜெயிக்கிறவங்ககூட அதைத் தொடாம பக்கத்து முயலைத்தான் எடுத்துட்டுப் போறாங்க."

"அப்ப எங்கிட்ட குடுத்துடு. கடல்ல கொண்டுபோய்ப் போட்டுடறேன்."

"ஜெயிக்காம ஒரு பொம்மையும் வெளிய போகக்கூடாதுன்னு பாதிரியார் உத்தரவு." போன வருஷம் பரிசெல்லாம் பாப்போவின் அக்கா பிள்ளைகளுக்கே விழுந்த அதிசயத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. பாதிரியாரிடமே போய்க் கேட்கலாம்தான். ஆனால் போன ஞாயிறு முழுப் பிரசங்கமும் இந்தத் திருஷ்டிக் கல்லைத் திட்டித்தான். அவரிடம் போய், என் மகளின் காப்பைக் காணோம், அப்படியே ஞானஸ்நானமும் செய்துவையுங்கள் என்றா சொல்வது? பாப்போவிடம் உண்மையைச் சொல்வதோ, அவில்தாவின் காதில் ஒலிபெருக்கியை வைப்பதற்குச் சமம்.

எறிந்தான். மூன்றும் போயின. இன்னும் மூன்று வாங்கினான். அவையும் போயின.

"நம்ம எலியூத், மக்களே!" பாப்போ மைக்கைத் திறந்துவிட்டான். "இறுதி ஆட்டத்துல பார்த்தீங்களே, அதே எலியூத்! டப்பாவெல்லாம் பத்திரம், யாரும் கவலைப்படாதீங்க!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்த கையோடு அவன் மறுபடியும் போனான். கடை முன்னால் கூட்டம். உள்ளே புகுந்து பார்த்தான். கறுப்புக் கண்ணாடியும், தோளில் மாட்டிய கைப்பையுமாக, ஒரு காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி, டோன்யா அவில்தா பந்தை எறிந்துகொண்டிருந்தாள். டப்பாக்கள் சிதறின. ஒன்றே ஒன்று மட்டும் ஆடி ஆடி நின்றுவிட்டது. கூட்டம் "அய்யோ" என்றது.

அவள் திரும்பினாள். அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கரடியைப் பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"சும்மா... கோயிலுக்கு வந்தேன்" என்றாள் அவள். "குழந்தைக்கு ஒரு கரடி எடுத்துக் குடுக்கலாமேன்னு."

"ஆமா டோன்யா. நானும் அதான். கரடி."

"எது?"

"அந்த... பழுப்பு."

"எனக்கும் அதான் பிடிச்சிருக்கு. முகம் களையா இருக்கு."

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? காப்பை அடையாளம் கண்டுவிட்டாளா, இல்லை கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லையா? அவள் பந்தை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"எனக்குத் தோள் விட்டுப்போச்சு. நீ எறி. முழங்கையைக் கீழ இறக்காதே. அன்னிக்கும் அதைத்தான் பண்ணினே. ரெண்டு வருஷமா உங்கிட்ட சொல்லணும்னு நெனச்சிட்டிருந்தேன்."

முழங்கையை இறக்காமல்தான் எறிந்தான். முதல் பந்து டப்பாவைத் தாண்டிப் போனது. அடுத்தது பாப்போவின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனது. மூன்றாவது ஒலிபெருக்கியில் பட்டு, ஊர் முழுக்கக் 'கொய்ங்' என்றது.

"எங்க பார்த்து எறியறே?"

"டப்பாவைப் பார்த்துத்தான் டோன்யா!"

"அப்ப வேற எதையாவது பாரு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே, சான் ஹுவானிலிருந்து திருவிழா பார்க்க வந்த ஒரு இளம்பெண், பஸ்தெலியோவை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையால் விளையாட்டாக ஒரு பந்தை வீசினாள். கோபுரம் அடியோடு சரிந்தது.

"எனக்கு அந்தக் காப்பு போட்ட கரடி! எவ்வளவு அழகா இருக்கு!"

ஆசீர்வாதம் சொல்லவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "வேண்டாம் பொண்ணே", "முயலை எடுத்துக்கோ", "அதுக்குள்ள கண்ணு இருக்கு" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவள் சிரித்தாள். பாப்போ ஒரு குச்சியால், கையே படாமல், கரடியை இறக்கி அவளிடம் நீட்டினான். அவள் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டி நிறுத்திய பக்கம் நடந்தாள்.

எலியூத் ஓடிப்போய் வழிமறித்தான். "அம்மணி, நில்லுங்க. அந்தக் காப்பு என் மகளோடது."

கூட்டம் முழுக்க அவன் பக்கம் நகர்ந்து வந்தது. பாப்போவும் மெல்ல வந்து, கடமை தவறாதவனாக, மைக்கை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தான். பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் அவில்தா இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இனி மறைத்து என்ன?

"நான்தான் கழட்டினேன்" என்றான். ஒலிபெருக்கியில் அவன் குரல் கடல்வரை போனது. "டாக்டர் சொன்னார்னு நான்தான் கழட்டிக் கரடிக்குக் கட்டினேன். மூட்டையில போட்டுக் குடுத்ததும் நான்தான். யாரெலிஸுக்கு ஒண்ணுமே தெரியாது. டோன்யா, கோவம்னா அது எம்மேல மட்டும் இருக்கட்டும். நான் பழகிட்டேன். அவளை விட்டுட்டுப் போயிடாதீங்க."

அவில்தா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது.

"பந்துதான் ஒழுங்கா எறியத் தெரியாதுன்னு நெனச்சேன். உனக்குப் பொய்யும் சொல்லத் தெரியல." மைக் அவள் பக்கம் திரும்பியது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. "இந்த வெயில்ல கைக்குழந்தைக்கு முழுக்கைச் சட்டை எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நேத்து வந்து குழந்தையை வாங்கினப்பவே சட்டைக்கு மேல தொட்டுப் பார்த்தேன். கையில ஒண்ணும் இல்ல. இன்னிக்குச் சாயங்காலம் கோயிலுக்குன்னு இங்க வந்தா, எங்க வீட்டுக் காப்பு கரடி கையில தொங்குது."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா? அன்னிக்கு வாயைத் திறந்தேன். ரெண்டு வருஷம் எம்பொண்ணு குரலை நான் கேக்கல. மறுபடியும் திறப்பேனா? சத்தமில்லாம இதை ஜெயிச்சு, அவ பார்க்கறதுக்குள்ள வீட்டுல வெச்சுடலாம்னுதான்..." அவள் கண்ணாடியை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். "எம்பொண்ணு என்னைக் கண்டு பயப்படறாப்பா. பச்சைக் குழந்தையைச் சட்டைக்குள்ள அவிய விடற அளவுக்குப் பயப்படறா. என்ன அம்மா நான்?"

பாப்போ மைக்கைத் தாழ்த்தினான். அவன் வாழ்நாளில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

சான் ஹுவான் பெண் கரடியை நீட்டினாள். "எடுத்துக்குங்க. எனக்கு முயல் போதும்."

"காப்பை மட்டும் கழட்டிக் குடு பொண்ணே" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"யாரும் கழட்ட வேண்டாம்" என்றாள் அவில்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஊரே நின்னு முறைச்சுப் பார்த்திருக்கு அந்தக் கரடியை. இப்ப அதுக்குத்தான் காப்பு வேணும். பாப்பா நடக்கற வரைக்கும் அதுவே போட்டிருக்கட்டும்."

அதற்குள் கூட்டம் தானாக வழிவிட்டது. ஒலிபெருக்கி வீடுவரை கேட்டிருக்கிறது. யாரெலிஸ் வீட்டுச் செருப்போடு, தலை கலைந்து, அலோந்த்ராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தாள். அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"பொய் சொல்லிட்டேம்மா."

"தெரியும்."

"திட்டு."

"திட்டறதெல்லாம் அப்புறம். முதல்ல குழந்தை சட்டையைக் கழட்டு, வேர்த்துக் கொட்டுது பாரு."

வேர்வையில் நனைந்திருந்த சட்டையில் பொத்தான் யாரெலிஸுக்குக் கழலவில்லை. அவில்தா கைப்பையை எலியூத்திடம் கொடுத்துவிட்டு, தானே ஒவ்வொன்றாகக் கழற்றினாள். குழந்தையின் மணிக்கட்டு மடிப்பில் வேர்க்குரு சிவப்பாகப் பொரிந்திருந்தது. அவில்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் ஊதலுமாக, அது ஆறும்வரை ஊதிக்கொண்டேயிருந்தாள்.